தானாக நிற்கும் காரும் நான் நிறுத்தாத இஞ்சினும்

அன்பு மகனுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள். எழுத்துகள் ஒன்று மேட்டிலும் ஒன்று பள்ளத்திலும் போவது எனக்கே தெரிகிறது. கண்டி வீதியில் நாற்பது வருடம் கார் ஓட்டிய கைக்கு நேராகப் போய்ப் பழக்கமில்லை. குழியே இல்லாத இடத்திலும் விலத்தி விலத்தித்தான் போகும். பேனையை ஸ்ரியறிங் போல இறுக்கிப் பிடிப்பதால் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தும் இருக்கிறது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பின்னேரம் வேண்டும். அம்மாவின் கையெழுத்து இல்லாததைக் கண்டவுடன் நீ பயந்திருப்பாய். பயப்படாதே. அம்மா சுகமாக இருக்கிறார். குசினிக்குள் இருந்து, "இன்னும் முதலாம் பக்கத்திலயோ நிக்கிறியள்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இதை எழுதுவது நான். அப்பா. என் சொந்தக் கையால். இவ்வளவையும் எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் வாசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

நான் எழுத வாசிக்கப் பழகியது இஞ்சினை நிறுத்தியதால் வந்த வினை. சண்டை நின்று, பாதை திறந்து பெற்றோல் வரத் தொடங்கிய பிறகு, புளியங்குளத்துப் பள்ளிக்கூடத்தில் பெரிய ஆட்களுக்கு ஒரு பின்னேர வகுப்புத் தொடங்கினார்கள். ரீச்சர் வவுனியாவில் இருந்து பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்குவார். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு அவரை ஏற்றி இறக்குவது என் வேலை. பழைய காலமாக இருந்தால் வகுப்பு முடியும்வரை இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு காருக்குள்ளேயே இருந்திருப்பேன். இப்போது பெற்றோல் இருக்கிறது, நிறுத்தலாம். நிறுத்தினேன். நிறுத்தியதும் சத்தம் அடங்கியது. அடங்கியதும் யன்னலால் ரீச்சரின் குரல் கேட்டது. நான் மெல்ல யன்னலடிக்குப் போய் நின்று, உள்ளே சொல்வதையெல்லாம் காரின் தூசுக் கண்ணாடியில் விரலால் எழுதிப் பார்ப்பேன். ஒரு நாள் ரீச்சர் வெளியே வந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டார். "ஐயா, கண்ணாடியில எழுதினா நான் எப்பிடித் திருத்திறது? உள்ளுக்கு வாங்கோ" என்றார். அன்று தொடக்கம் நான் கடைசி வாங்கில் இருக்கிறேன். வகுப்பில் எனக்குத்தான் வயது கூட. எனக்குத்தான் சத்தமும் கூட. இந்தக் கடிதத்தையும் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும் என்பது ரீச்சரின் கட்டளை. ஆகவே இதில் இருப்பது ஊருக்கெல்லாம் தெரியப்போகிறது. பரவாயில்லை. கேட்கட்டும்.

வாசிக்கத் தெரிந்ததும் நான் செய்த முதல் வேலை, அலுமாரியைத் திறந்து, இந்த ஒன்பது வருடமாக நீ ஜேர்மனியில் இருந்து எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்து முதலில் இருந்து வாசித்ததுதான். உனக்குத் தெரியும், இவ்வளவு காலமும் உன் கடிதங்களை அம்மாதான் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கேட்பேன். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், "அப்பாவை வெத்திலை போடுறதைக் குறைக்கச் சொல்லுங்கோ அம்மா, எனக்கு அதுதான் கவலை" என்று நீ எழுதியிருப்பதாக வாசிப்பார். கடல் கடந்து போன பிள்ளை கவலைப்படுகிறானே என்று நானும் குறைத்துக் குறைத்து, ஒரு நாளைக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டேன். இப்போது கடிதங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கிறேன். வெற்றிலை என்ற சொல்லே எங்கும் இல்லை! அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இதில எங்கயப்பா வெத்திலை?" என்று கேட்டேன். அவர் அரிசி களைந்துகொண்டே, "பிள்ளை எழுத மறந்தாலும் அதுதானே அவன்ர மனசு" என்றார். ஒன்பது வருடம், மகனே. நீ நினைக்காத கவலைக்கு நான் ஒன்பது வருடம் வாயைக் கட்டியிருக்கிறேன்.

இல்லாததைச் சேர்த்தது மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இருந்ததை விட்டும் இருக்கிறார். நீ போய்ச் சேர்ந்து எழுதிய முதலாவது கடிதத்தில், பனியைப் பற்றியும் அங்கே கொடுத்த பெரிய சப்பாத்தைப் பற்றியும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். "அப்பா ஏன் அண்டைக்கு இஞ்சினைக்கூட நிப்பாட்டாமல் போனவர் எண்டு கேட்டு எழுதுங்கோ அம்மா." அந்த வரி எனக்கு வாசிக்கப்படவே இல்லை. நீ கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக நீ என்ன நினைத்திருப்பாய்? கேள்வியைக் கேட்டும் வாய் திறக்காத கல் என்றுதானே நினைத்திருப்பாய். போன மாதம் வந்த கடிதத்தை நானே வாசித்தேன். புதுக் கார் எடுத்ததாகவும், அது சிவப்பு விளக்கில் நின்றால் இஞ்சினும் தானாக நின்றுவிடுவதாகவும், பிரேக்கில் இருந்து காலை எடுத்ததும் தானாக ஸ்ராட் வருவதாகவும் எழுதியிருந்தாய். அதன் கீழே இரண்டு வரி. "இப்பிடி ஒண்டு அண்டைக்கு எங்கட காரில இருந்திருந்தா அப்பாவும் இறங்கியிருப்பார். லீவுக்கு ஊருக்கு வாறதோ விடுறதோ எண்டு இன்னும் யோசிக்கிறன்." அந்த இரண்டு வரியையும் எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்குக் கன நேரம் சென்றது. ஆகவே அதற்குப் பதில் எழுத எவ்வளவு நேரம் சென்றாலும் நீ பொறுக்க வேண்டும்.

முதலில் நீ கேட்ட மற்றக் கேள்விக்கு வருகிறேன். அது எனக்குச் சுகமான கேள்வி. அந்தக் காரில் ஒரு பட்டன் இருக்கிறதாம். அதை அமத்தினால் இஞ்சின் தானாக நிற்காதாம். நீ தினமும் காலையில் ஏறியவுடன் முதல் வேலையாக அதை அமத்துகிறாயாம். மருமகள், "என்னத்துக்கு அதை அமத்திறியள், அது நல்லதுக்குத்தானே செய்து வைச்சிருக்கிறாங்கள்?" என்று சண்டை பிடிக்கிறாளாம். "நீங்கள் நாற்பது வருச டிரைவர், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ அப்பா" என்று எழுதியிருக்கிறாய். என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் தீர்ப்புக் கேட்டதில்லை. அதனால் அவசரப்படாமல் நன்றாக விசாரித்துத்தான் எழுதுகிறேன். வவுனியாவுக்குப் போய் எங்கள் கராச்காரரிடம் கேட்டேன். அவர் காருக்கு அடியில் படுத்திருந்தபடியே, "அதுக்குப் பெரிய பற்றறியும் பலமான ஸ்ராட்டரும் போட்டிருப்பாங்கள் ஐயா. சூடான இஞ்சின் லேசா எழும்பும். பயப்பிட ஒண்டுமில்லை" என்றார். பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி, "உங்கட காரிலயும் அது அரைவாசி இருக்குது தானே. நிக்கிறது தானா நிக்கும். எழும்பிறதுக்குத்தான் நாலு பேர் வேணும்" என்றார். கராச்சில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் கார்தான் என்றாலும் நானும் சிரித்தேன்.

இனி நல்லதையும் கெட்டதையும் சொல்கிறேன். கெட்டது முதலில். ஒரு இஞ்சினுக்கு ஓடுவதைவிட எழும்புவதுதான் பாடு. அது எனக்கும் இந்த வயதில் அப்படித்தான். எவ்வளவு பெரிய பற்றறி என்றாலும், ஒரு நாளில் இத்தனை தரம் எழுப்பினால் அதற்கும் ஒரு நாள் அலுக்கும், மாற்றும்போது சாதாரணப் பற்றறி அதற்குப் பொருந்தாது என்றும் கராச்காரர் சொன்னார். வெயிலில் நிற்கும்போது இஞ்சினோடு குளிர்க்காற்றும் குறைந்துவிடும். பிள்ளைகள் பின்னால் இருந்தால் கத்துவார்கள். அடுத்தது வெள்ளம். எங்கள் பக்கம் மாரியில் குளம் முட்டி வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும்போது இடையில் இஞ்சின் நின்றால் புகைக்குழாயால் தண்ணீர் ஏறும். பிறகு காரை மீன் போலத் தூக்கிக் காயவைக்க வேண்டும். அப்படியான இடத்தில் மட்டும் பட்டனை அமத்து. உங்கள் விளக்குக்கு ஒரு நேரம் இருக்கிறது, மாறிவிடும். எங்கள் வீதியில் சிவப்பு விளக்கு என்றால் அது மாடு. மாடு எப்போது எழும்பும் என்று மாட்டுக்கே தெரியாது. அப்படியான இடத்தில் இஞ்சின் தானாக நிற்பது நல்லதா கெட்டதா என்று நானும் கராச்காரரும் ஒரு பிளேன்ரீ குடித்து முடியும்வரை கதைத்தோம். முடிவு வரவில்லை.

நல்லதைச் சொல்வதற்கு முன்னால், இஞ்சினை நிறுத்தியதால் நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். நீ போன அடுத்த வருடம் நடந்தது. அம்மா உனக்கு எழுதியிருக்க மாட்டார். அவருக்கு அது வெட்கம். உனக்கு நினைவிருக்கும், பெற்றோல் வராத அந்தக் காலத்தில் எங்கள் கறுத்தக் கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. காலையில் கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு, முன்னால் இரும்புக் கம்பியைக் கொடுத்துச் சுற்றி எழுப்ப வேண்டும். சூடு பிடித்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவேன். இடையில் நிறுத்தி இரண்டு நிமிடம் ஆறவிட்டால் போதும், மண்ணெண்ணெய் பிடிக்காது. மறுபடியும் பெற்றோல் கேட்கும். அந்தப் பெற்றோலோ ஒரு இருமல் மருந்துப் போத்தல் அளவுதான் இருக்கும். அதைச் சட்டைப் பையில், நெஞ்சோடு வைத்திருப்பேன். அம்மா அந்தக் காரைச் சக்களத்தி என்றுதான் சொல்வார். "உங்கட மற்றவளுக்கு மருந்து குடுத்திட்டியளோ?" என்று காலையில் கேட்பார். ஆகவே எங்கள் சட்டம் ஒன்றே ஒன்று: காலையில் எழுப்பினால் ஓட்டம் முடியும்வரை நிறுத்தக் கூடாது. சாமான் ஏற்றினாலும், சாப்பிட்டாலும், செத்த வீட்டில் நின்றாலும் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படி இருக்கும்போது முல்லைத்தீவுக் கரையில் ஒரு வேதக்காரக் கலியாணத்துக்கு மாப்பிள்ளை பொம்பிளை கார் நான். மாதா கோயில் வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே காரை விட்டு, இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே இருந்தேன். உள்ளே பூசை நடக்கிறது. திடீரென்று சுவாமியார் பூசை உடுப்போடு வாசலுக்கு வந்துவிட்டார். "டிரைவர் ஐயா, உள்ளுக்கு நான் பொம்பிளையிட்டச் சம்மதம் கேக்கிறன். அந்தப் பிள்ளை ஓம் எண்டதோ மாட்டன் எண்டதோ ஒருதருக்கும் கேக்கேல்ல. உந்தச் சனியனை நிப்பாட்டுங்கோ" என்றார். "சுவாமி, நிப்பாட்டினா எழும்பாது" என்றேன். "அதைக் கடவுள் பாத்துக்கொள்ளுவார்" என்றார். கடவுளின் பெயரில் சொன்னபிறகு நான் என்ன செய்வது? நிறுத்தினேன். உள்ளே இருந்து அந்தப் பிள்ளையின் "ஓம்" தெளிவாகக் கேட்டது. நல்ல கணீரென்ற ஓம். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று போத்தலில் நாலு துளிதான் மிச்சம். ஊற்றிச் சுற்றினேன், சுற்றினேன், கை கழன்றுவிடும் போல இருந்தது. கார் ஒரு முறை இருமிவிட்டுப் படுத்துவிட்டது. பொம்பிளையின் மாமன் ஒருவர் வள்ளத்து மிசினுக்கு என்று ஒளித்து வைத்திருந்த பெற்றோலில் ஒரு சிரட்டை கொண்டுவந்து, "அடுத்த கிழமை நான் கடலுக்குப் போகேல்லையெண்டா உன்ர காராலதான்" என்று திட்டிக்கொண்டே ஊற்றினார். "தள்ளுவம்!" என்று சொல்லிக் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை முதலில் ஓடிவந்தான். நல்ல பெடியன். அவனும் தோழன்மாரும் பின்னால் நின்று தள்ள, நான் கியரை விட, கார் ஒரு பெரிய கறுத்தப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. பிடித்தது என்றால், பாய்ந்தது. பொம்பிளை பின்சீற்றில் இருந்து, "அண்ணை, அவர் ஏறேல்ல! அவர் ஏறேல்ல!" என்று கத்தினாள். "தங்கச்சி, இப்ப நிண்டா நீங்களும் இறங்கித் தள்ளோணும்" என்றேன். அவள் தன் வெள்ளை உடுப்பைக் குனிந்து பார்த்தாள். "அப்ப ஓடுங்கோ" என்றாள். மாப்பிள்ளை வீட்டில் மாலையோடு நின்ற சனம் பொம்பிளையை மட்டும் கண்டு திகைத்துப்போனது. மாப்பிள்ளை அரை மணித்தியாலம் கழித்து ஒருவருடைய சைக்கிள் கரியரில் வந்து இறங்கினான். அந்தக் கலியாணப் படத்தில் மாப்பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பல்லைத்தான் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் புகை.

இதை வகுப்பில் வாசித்தால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் மகனே, அந்தக் கலியாணத்தில் இஞ்சின் நின்றவுடன் அந்த "ஓம்" கேட்டது பார். அதற்கு முந்திய வருடம் நீ போன நாளில் நான் கேட்காமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. ஏன் என்று இப்போது சொல்கிறேன். இந்த இடத்தில் என் எழுத்து இன்னும் கோணலாக இருந்தால் அதற்கும் மன்னிப்பு.

நீ போன காலை உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். வாகனங்கள் அதற்கு மேல் போக முடியாத இடம்வரை வந்தோம். அங்கிருந்து சனம் இறங்கிச் சோதனைச் சாவடிக்கு நடந்துபோனது. நீ அந்தப் பச்சைப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாய். காரைச் சுற்றி என் பக்க யன்னலுக்கு வந்தாய். நான் இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்கண்ணாடியால் நேரே பார்த்துக்கொண்டு இருந்தேன். "கெதியாப் போ ராசா, இஞ்சின் நிண்டிடும்" என்று சொன்னேன். உனக்கு நான் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். உலகத்தில் எத்தனையோ தகப்பன்மார் எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லிப் பிள்ளையை அனுப்பியிருப்பார்கள். நான் இஞ்சினைப் பற்றிச் சொன்னேன். நீ குனிந்து ஏதோ சொன்னாய். உன் வாய் அசைந்தது தெரிந்தது. நான் அக்சிலேற்றரை மிதித்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவன் போலத் தலையை மட்டும் ஆட்டினேன். நீ யன்னலில் வைத்த கையை எடுத்தாய். நான் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "பெற்றோல் இல்லை, நிப்பாட்டினா வந்திருக்கேலாது, அதுதான் இறங்கேல்ல" என்று சொன்னேன். கேட்ட சனம் எல்லோருக்கும் அதைத்தான் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள், அந்தக் காலத்தில் அது நம்பக் கூடிய கதை. ஆனால் அது பொய். முதல் நாள்தான் ஒருவரைக் கேட்டுக் கெஞ்சிப் போத்தல் நிறையப் பெற்றோல் வாங்கியிருந்தேன், உன்னைக் கொண்டுபோய் விடுகிற ஓட்டம் இடையில் நின்றுவிடக் கூடாது என்று. காலையில் காரை எழுப்ப விட்டது போக, நீ யன்னலடியில் நின்றபோதும் அந்தப் போத்தல் என் சட்டைப் பைக்குள் கழுத்துவரை இருந்தது. நான் நிறுத்தியிருக்கலாம். இறங்கியிருக்கலாம். ஆனால் இறங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உன் பையைப் பறித்துக் காருக்குள் போட்டுக்கொண்டு உன்னையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். நீ போக வேண்டும் என்று முடிவெடுத்தது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து. அதை நான் ஒருவன் குழப்பக் கூடாது. அதனால் அந்த இஞ்சினைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கார் ஓடிக்கொண்டிருந்தால்தான் நானும் ஓடுவேன் என்று இருந்தது. இதுதான் நடந்தது. உன் முதலாவது கடிதத்துக்கு ஒன்பது வருடம் பிந்திய பதில் இது.

இந்த இடம்வரை எழுதிவிட்டு நேற்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் வாசிக்க அவர் கேட்பது, எங்கள் வீட்டில் முதல் தரம். நான் ஒன்றையும் விடவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. அவர் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அண்டைக்குப் பின்னேரம் சேட்டைத் தோய்க்க எடுத்தனான். பொக்கற்றுக்குள்ள போத்தல் நிறைஞ்சு கிடந்தது. மணமே காட்டிக் குடுத்திட்டுது."

"அப்ப ஏனப்பா ஒண்டும் கேக்கேல்ல?"

"நீங்கள் மூண்டு நாள் கார்ப் பக்கமே போகேல்ல. முற்றத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். பிறகென்னத்தைக் கேக்கிறது? அந்த நிலைமையில பிள்ளையின்ர கடிதத்தையும் வாசிச்சிருந்தா நீங்கள் சோறு திண்டிருப்பியளே?" கொஞ்ச நேரம் துருவிவிட்டு, "வெத்திலைக் கதையும் அதுக்குத்தான். பிள்ளை உங்களை நினைச்சுக் கவலைப்படுறான் எண்டு கேட்டாலெண்டாலும் முகம் வெளிக்குமெண்டு" என்றார். அந்த ஒற்றை வெற்றிலையையும் அன்று போடவில்லை.

இனி அந்தக் காரின் நல்லதுக்கு வருகிறேன். எண்ணெய் மிச்சம், புகை குறைவு, அதெல்லாம் நீயே எழுதியிருக்கிறாய். நான் சொல்வது வேறு. இஞ்சின் நின்றால் பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேட்கும். அவ்வளவுதான். எனக்கு எழுத்து வந்ததும் அப்படித்தான், சுவாமியாருக்கு அந்த ஓம் கேட்டதும் அப்படித்தான். மருமகள் பக்கத்தில் இருக்கிறாள், பின்னால் பிள்ளை இருக்கிறது. சிவப்பு விளக்கில் கார் சத்தம் அடங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஏதாவது சொல்வார்கள். அதைக் கேள். நீ ஏன் அந்தப் பட்டனை அமத்துகிறாய் என்று உனக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். நீ சின்ன வயதில் பின்சீற்றில் படுத்து உறங்குவாய். இஞ்சின் ஓடும்வரை மட்டும்தான் உறக்கம். எங்காவது தப்பித் தவறி நின்றுவிட்டால் திடுக்கிட்டு எழும்பி, "அப்பா, நிண்டிட்டுது! இனி எழும்பாது!" என்று அழுவாய். நின்றால் எழும்பாது என்று உனக்குப் பழக்கியவன் நான். உன் கார் எழும்பும் மகனே. கராச்காரர் சொல்லிவிட்டார். தீர்ப்பு மருமகள் பக்கம்.

லீவுக்கு வருவதா விடுவதா என்று யோசிக்கிறாய். வா என்று நான் சொல்லமாட்டேன். போ என்று சொன்னபோதே எனக்கு அவ்வளவு நல்ல வார்த்தை வரவில்லை. நீ வந்தால் நான் என்ன செய்வேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். வவுனியா ரெயில் நிலையத்துக்கு நம்முடைய கறுத்தக் காரில் வருவேன். அது இன்னும் இருக்கிறது. சண்டைக்குப் பயந்து ஜெயபுரத்துக்கு இடம்பெயர்ந்தபோது அது எங்களை ஏற்றவில்லை, நாங்கள்தான் அதை உழவு மிசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். திரும்பி வரும்போதும் அப்படியே. இப்போது சுத்தமான பெற்றோல் குடிக்கிறது. ஆனாலும் பழைய குணம் போகவில்லை, சில நாளில் நிறுத்தினால் நிறுத்தியதுதான். இருந்தாலும் நிறுத்துவேன். கார்த் திறப்பை உருவி எடுத்துச் சட்டைப் பையில், அந்தப் போத்தல் இருந்த இடத்தில் போட்டுக்கொள்வேன். கதவைத் திறந்து இறங்கி வெளியே நிற்பேன். நீ கிட்ட வந்து, அன்றைக்கு யன்னலடியில் குனிந்து சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டும். மறந்துபோயிருந்தால் வேறு எதையாவது சொல்லு. இந்த முறை எனக்குக் கேட்கும். அதன் பிறகு ஸ்ராட் பண்ணிப் பார்ப்போம். வராவிட்டால் அம்மாவை ஸ்ரியறிங்கில் இருத்திவிட்டு நீயும் நானும் தள்ளுவோம். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வா, வெள்ளைச் சேட்டு வேண்டாம்.

தாள் முடிகிறது. இன்னொரு கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த கிழமைக் கடிதம் அம்மாவுடையது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதப்போகிறேன். அதில் "அப்பா வெத்திலை போட்டாப் போடட்டும், பாவம்" என்று எங்காவது இருந்தால், அது அம்மா சொன்னதுதான் என்று நீ கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும். அதுவரைக்கும் அந்தப் பட்டனைத் தொடாதே. சிவப்பு விளக்கில் கார் நிற்கட்டும்.

இப்படிக்கு, இதை முழுவதும் தானே எழுதிய
உன் அப்பா